எதிர்பாராத கர்ப்பம்: முடிவு யாருடையது?

மடியில் ஒன்பது மாதக் குழந்தை. இன்னும் பால்குடி மறக்கவில்லை. மூத்தது இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறது. விடுமுறைக்கு வந்திருந்த கணவர் துபாய்க்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இந்த நிலையில் ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது. சோறு வேகும் வாசனை குமட்டுகிறது. என்னவென்று அவளுக்குப் புரிந்து விடுகிறது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு இரவுகள் அழுகிறாள். மூன்றாம் நாள் உம்மாவிடம் சொல்கிறாள்.

அதன்பின் வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். "பிள்ளை அல்லாஹ் கொடுப்பது, சபூர் செய்து சுமந்து கொள்" என்கிறார் மாமியார். "மாத்திரை இருக்கிறதாம், இரண்டே நாளில் சரியாகிவிடுமாம்" என்று காதோடு சொல்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. "உன் இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்து விடுகிறார் கணவர். மூவரும் மூன்று விதமாகப் பேசினாலும் ஒன்றில் ஒத்துப் போகிறார்கள். அவளை அருகில் உட்கார வைத்து, "உன் உடம்பு எப்படியிருக்கிறது? உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல. ஆகவே இதைப் பற்றி மறைவின்றிப் பேசுவது அவசியமாகிறது. மார்க்கம் இங்கே என்ன சொல்கிறது? சொல்லும் பொறுப்பை யார் மேல் வைக்கிறது?

கருவின் கண்ணியம்

கரு என்பது வேண்டாதபோது எறிந்துவிடும் பொருளல்ல. இதில் எந்த இமாமுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மனிதன் தாயின் வயிற்றில் படிப்படியாக உருவாகும் விதத்தைத் திருமறை 23ஆம் அத்தியாயத்தில் விவரிக்கிறது. நாற்பது நாற்பது நாட்களாக மூன்று நிலைகளைக் கடந்த பின்னர் ரூஹு ஊதப்படுவதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிகிறோம். இந்த 120 நாட்களுக்குப் பிறகு கருவை அழிப்பது ஹராம். தாயின் உயிருக்கே ஆபத்து நேர்ந்து, வேறு வழியில்லை என்று நம்பத்தகுந்த மருத்துவர்கள் சொன்னாலன்றி அதற்கு இடமில்லை என்பதே இக்கால ஆலிம்களின் பொதுவான முடிவு.

அதற்கு முந்திய நாட்களைப் பற்றித்தான் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. கருத்தரிக்காமல் தடுப்பது வேறு, தரித்த கருவைக் கலைப்பது வேறு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிரித்துக் காட்டுகிறார்கள். கரு வளர வளரக் குற்றத்தின் கனமும் கூடிக்கொண்டே போகிறது என்பது அவர்களின் கருத்து. ஷாபிஈ மத்ஹபிலேயே முதல் நாற்பது நாட்களுக்குள் சற்று இளக்கம் காட்டியவர்களும் உண்டு. ஹனபி மத்ஹபின் பிற்கால அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் நூலிலே, ரூஹு ஊதப்படுமுன் தகுந்த காரணம் இருந்தால் மன்னிப்புண்டு என்ற கருத்து வருகிறது. அங்கே காட்டப்படும் உதாரணம் நம் சகோதரியின் நிலைக்கு மிக நெருக்கமானது. கர்ப்பத்தால் தாய்க்குப் பால் வற்றி விடுகிறது. செவிலித்தாயை அமர்த்தத் தகப்பனுக்கு வசதியில்லை. மடியிலிருக்கும் குழந்தையின் உயிருக்கே பயம். இத்தகைய நெருக்கடியையே அவர்கள் காரணமென்று சொன்னார்கள். 'வசதிப்படவில்லை' என்பதைக் காரணமென்று சொல்லவில்லை.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு தரிப்பதோ ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான். ஆகவே 120 நாள் என்பது மருத்துவர் கணக்கில் சுமார் 19 வாரம். 40 நாள் என்பது எட்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆலிமிடம் மஸ்அலா கேட்கச் செல்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் எல்லை வேறு. இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும், சட்டம் கூறும் காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் சட்டம் விட்டுவைத்ததெல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகி விடாது. ஒரு முஸ்லிம் நாளை இரண்டு இடத்திலும் பதில் சொல்ல வேண்டியவன்.

வறுமைப் பயம்

பெரும்பாலான வீடுகளில் உள்ளத்தை அரிப்பது செலவைப் பற்றிய பயம். இதைத் திருமறை இரண்டு இடங்களில் தொட்டுப் பேசுகிறது. 6:151இல், இருக்கின்ற வறுமையின் காரணமாகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற கருத்து வருகிறது. அங்கே பெற்றோருக்கு உணவளிப்பது முதலிலும் பிள்ளைகளுக்கு அளிப்பது அடுத்தும் சொல்லப்படுகிறது. 17:31இல், இனி வரப்போகும் வறுமைக்கு அஞ்சிக் கொல்லாதீர்கள் என்று வருகிறது; அங்கே பிள்ளைகள் முதலில், பெற்றோர் அடுத்து. இன்று இல்லாதவனுக்கும் ஆறுதல் உண்டு, நாளைக்கு அஞ்சுகிறவனுக்கும் ஆறுதல் உண்டு.

ஆனால் இந்த வசனங்களை யாரிடம் ஓதிக் காட்டுகிறோம்? மசக்கையில் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் மட்டும் ஓதிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ரிஸ்கு அல்லாஹ்விடமிருந்து வருகிறது, சந்தேகமில்லை. எவருடைய கைகளின் வழியாக வருகிறது? தகப்பனின் உழைப்பு வழியாக, பாட்டியின் மடி வழியாக, மாமன்மாரின் உதவி வழியாக, ஜமாஅத்தின் பைத்துல்மால் வழியாக. இந்தக் கைகளையெல்லாம் மடக்கி வைத்துக்கொண்டு அவளுக்குத் தவக்குலைப் போதிப்பது நியாயமாகுமா?

பால்குடி மறப்பதற்கே கலந்தாலோசனை

சூரத்துல் பகராவின் 233ஆம் வசனத்தை ஒவ்வொரு கணவரும் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறது அது. எவரும் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படலாகாது. பிள்ளையின் காரணமாகத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது. பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பால்குடி மறக்கச் செய்ய விரும்பினால், அதை இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்யுமாறு வழிகாட்டுகிறது.

சற்றே சிந்தியுங்கள். ஒரு குழந்தையின் பாலை நிறுத்துவதற்கே தாயின் சம்மதமும் தகப்பனின் சம்மதமும் வேண்டுமென்றால், ஒரு புதிய உயிரைப் பற்றிய காரியத்தை மாமியார் உத்தரவிட்டு முடிப்பது எப்படிச் சரியாகும்? கணவர் "உன் இஷ்டம்" என்று நழுவிக் கொள்வது எப்படிச் சரியாகும்? அந்தச் சொல் சுதந்திரம் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பாரம் முழுவதையும் அவள் தலையில் இறக்கி வைப்பதாகும். நாளை எது நேர்ந்தாலும், "நீதானே முடிவு செய்தாய்" என்று சொல்ல ஒரு வாசல் திறந்திருக்கும்.

'கலைக்கலாமா, கூடாதா?' என்று கேட்குமுன் 'இந்தப் பாரத்தில் யார் யார் பங்கெடுக்கப் போகிறீர்கள்?' என்று வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் இதற்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டாலே முதல் கேள்விக்கு அவசியம் இருப்பதில்லை. அவள் அஞ்சியது பிள்ளைக்கு அல்ல, தனியே விடப்படுவதற்கு.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

'பால் கொடுக்கும்வரை கரு தங்காது' என்பது முதலாவது. குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயிருந்து, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடித்து, தாய்க்கு மாதவிடாயும் திரும்பாமலிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பை நம்பலாம். இம்மூன்றில் ஒன்று மாறினாலும் நம்பிக்கையில்லை.

'கர்ப்பிணியின் பால் குழந்தைக்கு நஞ்சு' என்பது இரண்டாவது. இதைக் கேட்டுப் பயந்தே கருவைக் கலைக்க ஓடுபவர்கள் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் இந்நிலையைத் தடுக்க எண்ணியிருந்து, ரோமரும் பாரசீகரும் அப்படியே பாலூட்டியும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தீங்கு நேராததைக் கண்டு, தடை செய்யாமல் விட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இன்றைய மருத்துவமும், சிக்கலில்லாத கர்ப்பத்தில் பாலூட்டலைத் தொடரலாம் என்றே சொல்கிறது. பால் அளவு குறையலாம்; ஒன்பது மாதக் குழந்தைக்கு மற்ற ஆகாரத்தைக் கூட்டினால் போதும். தாய்க்குத்தான் நல்ல உணவும் ஓய்வும் அதிகம் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மருந்துக் கடையில் மறைவாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. குழாய் வெடித்து உயிர் போகலாம். கலைவது அரைகுறையாகி இரத்தப்போக்கு நிற்காமல் போனவர்களும் உண்டு. தன் உயிரை அழிவில் போடுவதற்கு எவருக்கும் அனுமதியில்லை.

இரண்டாவது, பெண் மருத்துவரிடம் சென்று ஸ்கேன் எடுத்து, கரு எங்கே இருக்கிறது, எத்தனை வாரம் என்று உறுதி செய்து கொள்ளுங்கள். இரத்தத்தையும் பரிசோதியுங்கள். முந்தைய பிரசவம் ஆபரேஷனாக இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். அடுத்தடுத்த கர்ப்பத்தால் அவளுக்கு உண்மையான ஆபத்து உண்டா என்று நேராகக் கேளுங்கள்.

மூன்றாவது, கணவரும் மனைவியும் தனியே பேசுங்கள். தூரத்தில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் போனை வைத்து விடாதீர்கள். அவள் அழுதால் அழ விடுங்கள். அந்த அழுகை ஈமான் குறைவல்ல. தாய் சிரமத்தின் மேல் சிரமமாகச் சுமந்தாள் என்று சொல்வது திருமறையேதான்.

நான்காவது, மருத்துவர் ஆபத்து என்று சொன்னால், அந்தக் காகிதத்துடன் உங்கள் மத்ஹபை நன்கறிந்த ஆலிமிடம் செல்லுங்கள். நாட்களைக் கடத்தாதீர்கள், தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் வழியைக் குறுக்குகிறது.

ஐந்தாவது, பிரசவத்துக்குப் பின் இடைவெளி விடுவதைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது 24 மாதம் விடுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலூட்டும் முழுக்காலமாகத் திருமறை காட்டுவதும் இரண்டு ஆண்டுகள்தான். சஹாபாக்கள் 'அஸ்ல்' செய்தது ஹதீஸ்களில் பதிவாகியிருக்கிறது. அதை வைத்து, தற்காலிகத் தடுப்பு முறைகளைத் தம்பதியரின் சம்மதத்துடன் மேற்கொள்ளலாம் என்றே பெரும்பாலான ஆலிம்கள் சொல்கிறார்கள்.

அறியாமல், அல்லது நெருக்குதலால், முன்பே கருவைக் கலைத்துவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் சகோதரிகளும் இதைப் படிக்கலாம். தவ்பாவின் வாசல் மூடப்படவில்லை. உங்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்களுக்கும் தவ்பா கடமை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மாமியாரான தாய்மார்களே! "சபூர் செய்" என்று சொல்லுமுன் அந்த ஒன்பது மாதக் குழந்தையை வாங்கி உங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். அவள் ஒரு மணி நேரம் தூங்கட்டும். பிறகு சொல்லுங்கள்; அப்போது அந்தச் சொல் அவள் உள்ளத்தில் இறங்கும். கணவர்மார்களே! இன்றிரவே திரும்பவும் போன் செய்யுங்கள். "உன் இஷ்டம்" என்று சொன்ன வாயால் "நம் பிள்ளை, நம் பொறுப்பு" என்று சொல்லுங்கள்.

அல்லாஹு தஆலா நம் வீடுகளில் வரும் ஒவ்வொரு உயிரையும் பரக்கத்துடையதாக்கி, அதைச் சுமப்பவளுக்கு உடல் வலுவையும், உடனிருப்பவர்களுக்கு இரக்க நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.