புனித நீரும் தற்காப்பு ஆட்டமும்

2002 உலகக் கோப்பையில் இத்தாலிய அணியின் பயிற்சியாளர் ஜொவானி டிராபட்டோனி கையில் ஒரு சிறு குப்பி இருந்தது. கன்னியாஸ்திரியான அவருடைய சகோதரி கொடுத்த புனித நீர் அது. அதை அவர் ஆடுகளத்தில் தெளித்தார். பக்தியுள்ள கத்தோலிக்கருக்கு அது இயல்பான செயல்தான். ஆனால் பழைய இறையியல் சிக்கலொன்று அதில் அடங்கியிருக்கிறது: எதிரணியிலும் ஒருவர் மன்றாடிக்கொண்டிருக்கும்போது, ஆட்டத்தின் முடிவுக்காக இறைவனிடம் வேண்டுவதற்கு என்ன பொருள்?

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதற்கு ஒரு விடை சொன்னார். மன்றாட்டு இறைத்திட்டத்தை மாற்றுவதில்லை. மன்றாட்டின் வழியாகவே நிறைவேற வேண்டுமென்று அத்திட்டம் வைத்திருப்பதைப் பெற்றுத்தருகிறது. மனித முயற்சியும் அப்படியே ஒரு காரணம். விதைத்தவன் மழைக்கு வேண்டுவதில் முரண் இல்லை. இம்மானுவேல் காண்ட் இதை ஏற்கவில்லை. நம் விருப்பத்தை அறிவதற்கு இறைவனுக்கு நம் விளக்கம் தேவையில்லை என்பதால், வேண்டுதலைக் கடமையாகச் செய்வது மூடநம்பிக்கை என்றார்.

டிராபட்டோனியின் வாழ்க்கை அக்வினாஸ் பக்கமே சாய்கிறது. 1939இல் பிறந்த அவர், நேரேயோ ரோக்கோ பயிற்றுவித்த ஏசி மிலானில் எதிராளியை ஒட்டியே நின்று தடுக்கும் ஆட்டக்காரராக 1963, 1969 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார். 1976 முதல் பத்தாண்டு யுவென்டஸின் பயிற்சியாளராக ஆறு லீக் பட்டங்கள். பிறகு இன்டர் மிலான், பயர்ன் மியூனிக், பென்ஃபிகா, சால்ஸ்பர்க் என நான்கு நாடுகளில் லீக் வெற்றிகள். ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் பின்வரிசையைப் பலப்படுத்துவது அவர் வழக்கம். இறைவனை நம்பியவர் ஆட்டத்தில் எதையும் தற்செயலுக்கு விட விரும்பவில்லை.

தேஜோனில் 2002 ஜூன் 18 அன்று அந்த எச்சரிக்கையே அவரைக் கைவிட்டது. தொடக்கத்திலேயே தென் கொரியாவின் பெனால்டியை இத்தாலியக் கோல் காப்பாளர் புஃபோன் தடுத்தார். வியேரி கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் டெல் பியரோவை வெளியே அழைத்து, தடுப்பாட்டத்துக்குப் பேர்போன கத்தூசோவை டிராபட்டோனி இறக்கினார். 88ஆம் நிமிடத்தில் கொரியா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் டோட்டி சிவப்பு அட்டை பெற, விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் தங்க கோலில் இத்தாலி வெளியேறியது. இத்தாலியர் பழியை நடுவர் பைரன் மொரேனோ மீது போட்டார்கள். புனித நீர் பலிக்கவில்லை என்று கேலி செய்வது எளிது. ஆனால் அந்தக் கேலி, நீரைப் பலன் தந்தே தீரும் மந்திரமாக எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கருதுவதைத் திருச்சபையும் கண்டிக்கிறது.

உண்மையில் கடினமான கேள்வி தோல்வியால் எழுவதன்று, வெற்றியால் எழுவது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹைசல் அரங்கில், லிவர்பூலுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்குமுன் ஏற்பட்ட நெரிசலிலும் சுவர் இடிந்ததிலும் 39 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் யுவென்டஸ் ரசிகர்கள். ஆட்டம் அதன்பின்னும் நடந்தது. பிளாட்டினியின் பெனால்டியால் யுவென்டஸ் 1-0 என வென்றது. ஐரோப்பாவின் மூன்று கழகக் கோப்பைகளையும் டிராபட்டோனி நிறைவு செய்தது அந்த இரவில்தான். கோப்பையை அருள் என்பவர், அதே அரங்கின் சாவுகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இறைவன் தீமையை விரும்புவதில்லை, அனுமதிக்கிறார் என்ற அக்வினாஸின் விளக்கம் மன்றாட்டு பற்றிய விளக்கத்தைவிட இங்கே வலுவிழந்து நிற்கிறது. இடிந்த சுவரும் சரியாகப் பிரிக்கப்படாத பார்வையாளர் பகுதிகளும் மனிதர் பொறுப்பில் இருந்தவை.

2009 நவம்பரில் பாரிசுக்கு அருகே பிரான்சின் தியரி ஆன்றியின் கை பட்ட பந்து கோலாகி, டிராபட்டோனி பயிற்றுவித்த அயர்லாந்து அணி உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அப்போது முறையீடு விண்ணுக்குப் போகவில்லை. அயர்லாந்து ஃபிஃபாவிடம் மறு ஆட்டம் கேட்டது, ஃபிஃபா மறுத்தது. அவருடைய அணி யூரோ 2012க்குத் தகுதி பெற்று அங்கே மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 2013இல் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.