சாட்சி கெட்டுப்போகும்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் 'சாட்சி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கண்டதையும் அனுபவித்ததையும் சபை முன்னால் எழுந்து சொல்வது சாட்சி. 'தங்கச்சி, எழும்பி ஒரு சாட்சி சொல்லும்மா' என்று ஜெபக்கூட்டத்தில் கேட்பார்கள். ஊர் ஒரு வீட்டை எப்படிப் பார்க்கிறது என்பதும் சாட்சிதான். 'அவங்க நல்ல சாட்சியுள்ள குடும்பம்' என்றால் அந்த வீட்டைப் பற்றி யாரும் குறை பேசியதில்லை என்று அர்த்தம். முதல் பொருள் உண்மையைச் சார்ந்தது. இரண்டாவது நற்பெயரைச் சார்ந்தது. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஒரு பெண் தன் வீட்டில் நடப்பதைச் சொல்ல வாய் திறக்கும் நாளில் மோதிக்கொள்கின்றன. அன்றைக்கு அவளுக்குக் கிடைக்கும் அறிவுரை இதுதான்: 'வெளியே சொன்னா சாட்சி கெட்டுப்போகும்.'

தமிழ் கற்பிப்பவள் என்பதால் இந்த வாக்கியத்தைப் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் சாட்சி கெடும். அப்படியானால் மறைத்தால் சாட்சி நிலைக்கும். உண்மையையே கடவுளின் இயல்பாகச் சொல்லும் ஒரு மதத்துக்குள் இப்படியொரு வாக்கியம் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது! யாருடைய பொய்யைப் பாவம் என்கிறோம், யாருடைய பொய்யைப் பொறுமை என்கிறோம்?

நான் வளர்ந்த சேகரத்தில் அக்கா ஒருவர் இருந்தார். சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் வருவார். சாட்சி நேரத்தில் அவர் சொல்வதெல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும்: மகனுக்குக் காய்ச்சல் விட்டதற்கு ஸ்தோத்திரம், கடன் அடைந்ததற்கு ஸ்தோத்திரம், வாரம் முழுதும் காத்துக்கொண்டதற்கு ஸ்தோத்திரம். சேலைத் தலைப்பால் மூடியும் தெரிகிற கைக் காயத்தைப் பற்றி யாராவது கேட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். ஒரு சனிக்கிழமை அந்த வார்ப்பு உடைந்தது. 'எங்க வீட்டுக்காரர் என்னைய அடிக்கிறார். எனக்காக ஜெபம் பண்ணுங்க' என்றார். அடுத்த வார்த்தை வருமுன் முன்வரிசையில் ஒருவர் பாட்டு எடுத்தார். எல்லோரும் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் இரண்டு பேர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார்கள். மறுவாரம் அவர் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிட்டார். அவரை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மைக்கு அங்கே இடமில்லாமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

இதே சபைகளில்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி அச்சமூட்டும் ஒரு கதை சொல்லப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பீராள் கதை. கணவனும் மனைவியும் ஒரு சொத்தை விற்கிறார்கள். கிடைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்துவிட்டதுபோல் மிச்சத்தை அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைக்கிறான் அனனியா. பேதுரு கடிந்துகொண்டதும் விழுந்து சாகிறான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் சப்பீராள் வருகிறாள். நிலத்தை இந்த விலைக்குத்தான் விற்றீர்களா என்று பேதுரு கேட்கிறார். ஆமாம் என்கிறாள். அவளும் சாகிறாள்.

கணவன் செத்ததைக்கூடச் சொல்லாமல் ஒரு பெண்ணிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் இந்தக் கதையில் பிரசங்கங்கள் தொடாத இடம் ஒன்று உண்டு. சப்பீராள் செய்தது, நல்ல மனைவி செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டதைத்தான். வீட்டுக்காரர் சொன்ன கணக்கையே அவளும் சொன்னாள். அவர் முகம் கெடாமல் பார்த்துக்கொண்டாள். கீழ்ப்படிதலை மனைவியின் முதல் அழகாகப் போதிக்கும் மரபு அவளை மெச்சியிருக்க வேண்டும். கதை மெச்சவில்லை. அவளிடம் தனியாகக் கேட்கிறது. 'உன் கணவன் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டான், நீ போ' என்று விடவில்லை. அவளுடைய சொல் அவனுடைய சொல்லின் நிழலாக எண்ணப்படவில்லை.

இதை நேராக எடுத்துக்கொண்டால் சபைக்குத்தான் சிக்கல். கணவனோடு சேர்ந்து சொன்ன பொய்க்கு மனைவி தனியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றால், கணவனைப் பற்றிய உண்மையைத் தனியாகச் சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. சப்பீராள் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள், வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி ஒரு பெண்ணை விட்டுவிட முடியாது. நிலத்தின் விலையைக் குறைத்துச் சொன்னது மட்டும் பொய், உடம்பின் காயத்தைக் குறைத்துச் சொல்வது பொறுமை என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

மெய் என்ற நம்முடைய சொல்லுக்கு உண்மை என்றும் பொருள், உடம்பு என்றும் பொருள். பெண்களுக்கு இந்த இரண்டு பொருள்களும் அகராதியில் மட்டும் சேர்ந்திருப்பவை அல்ல. வாய் சொல்லாததை அவர்கள் மெய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி, அந்த அக்கா சொன்னது பொய்தானே, அது பாவமில்லையா என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். வகுப்பிலும் மாணவிகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். வேதாகமமே இந்தக் கேள்வியை எளிதாக விட்டுவைக்கவில்லை. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரெய ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனே கொல்லும்படி பார்வோன் ஆணையிடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று அரசன் கேட்டபோது, எபிரெயப் பெண்கள் பலமுள்ளவர்கள், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று அந்த நூல் முடிக்கிறது.

இந்த நன்மை அகஸ்டினை மிகவும் தொந்தரவு செய்தது. அவர் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார், ஒன்று 395ஐ ஒட்டி, மற்றது 420ஐ ஒட்டி. எந்தப் பொய்யும் பாவமே என்பது அவர் முடிவு. மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த பலன் அவர்களுடைய இரக்கத்துக்கானது, பொய்க்கானது அல்ல என்று பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடிவதில்லை. பார்வோன் முன் நின்ற அந்த நேரத்தில் இரக்கத்துக்கு இருந்த ஒரே வாய் அந்தப் பொய்தான்.

சுமார் 1500 ஆண்டுகள் கழித்து ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் இதே கேள்வியை ஹிட்லரின் சிறையிலிருந்து எழுப்பினார். 1943இல் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று கொல்லப்பட்டவர் அவர். உண்மை பேசுவது என்றால் என்ன என்று அவர் சிறையில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். உன் அப்பா குடித்துவிட்டு வருகிறாரா என்று வகுப்பு முழுவதும் கேட்க ஆசிரியர் அவனைக் கேட்கிறார். அது உண்மைதான், ஆனாலும் சிறுவன் இல்லை என்கிறான். குற்றம் கேட்டவருடையது என்கிறார் போன்ஹோஃபர். கேட்க உரிமையில்லாத இடத்தில், கேட்கக் கூடாத விதத்தில் அவர் கேட்டார்.

இங்கே எனக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது, ஒரு சங்கடமும் கூடவே வருகிறது. மருத்துவச்சிகளின் பொய் குழந்தைகளை அரசனிடமிருந்து காத்தது. அக்காவின் பொய்யோ வீட்டுக்குள் இருந்த அரசனைக் காத்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அவருக்குப் போக வேறு இடமில்லை. சொன்னால் அன்றிரவு என்ன நடக்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எனவே அவருடைய பொய்யை அவர் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. உண்மை பேசுவது பேசுகிறவரின் ஒழுக்கம் மட்டும்தான் என்று நமக்குக் கற்பித்தார்கள். அதில் பாதி கேட்கிறவரின் ஒழுக்கம். உண்மையைத் தாங்க மாட்டேன் என்று அமர்ந்திருக்கும் சபைக்கு, உண்மை பேசு என்று கட்டளையிடும் தகுதி கிடையாது.

உயிர்த்தெழுதலின் செய்தியையே முதலில் பெண்கள்தான் கொண்டுவந்தார்கள். அப்போஸ்தலர்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் காலையில் பெண்கள் பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் தவறினார்கள்.

கேட்கத் தவறியது சபை மட்டுமல்ல. இந்தியக் கிறிஸ்தவர்களுக்காக ஆங்கில அரசு 1869இல் கொண்டுவந்த மணவிலக்குச் சட்டத்தைப் பாருங்கள். மனைவி பிறழ்ந்துவிட்டாள் என்று காட்டினாலே கணவனுக்கு மணவிலக்கு கிடைக்கும். அடிபட்ட மனைவிக்கோ அடிபட்டது மட்டும் போதாது. கணவனுக்கு வேறு பெண்ணோடு உறவு இருந்ததையும் அவள் நிரூபிக்க வேண்டும். கொடுமையை மட்டும் சொன்னால் பிரிந்து வாழ உத்தரவு வாங்கலாம், திருமணத்திலிருந்து வெளியேற முடியாது. அதாவது அவளுடைய உண்மை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சட்டத்துக்கு அது குறைவான உண்மை. விடுதலை வேண்டுமென்றால் நடந்ததற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும், இன்னொரு பெண்ணை வழக்குக்குள் இழுக்க வேண்டும். பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை மனப்பாடம் செய்த பெண்களை, அந்தக் கட்டளைக்கும் தன் உயிருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திய சட்டம் அது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் பாகுபாட்டை வெட்டியது. 2001இல்தான் நாடாளுமன்றம் திருத்தியது. இடையில் கடந்தவை 132 ஆண்டுகள்.

அந்தக் கட்டளையின் சொற்களைக் கவனித்தால் அது நீதிமன்றத்தை மனத்தில் வைத்தது என்பது தெரியும். பொதுவாக உண்மை பேசு என்று அது சொல்லவில்லை. உன் சொல்லால் உன் அயலானை அழிக்காதே என்கிறது. திருக்குறளில் வாய்மை அதிகாரமும் இதே பக்கமாகத்தான் நிற்கிறது. தீங்கில்லாத சொல்லையே அது வாய்மை என்று வரையறுக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் இருப்பது துறவறவியலில். இல்லறவியலில் இருப்பவை இனியவை கூறலும் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும். வள்ளுவர் அதை எந்த எண்ணத்தில் வைத்தாரோ, நம் வீடுகள் அந்தப் பிரிவை வேறுவிதமாகக் கடைப்பிடிக்கின்றன. குடும்பம் நடத்துகிறவளிடம் இனிய சொல்லைத்தான் கேட்கிறோம். வாய்மை யாரோ துறவிகளுக்கு உரியது.

எதிர்வாதம் ஒன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அன்பு பிறர் குற்றங்களை மூடும் என்று பேதுருவின் நிருபம் சொல்கிறதே, ஒருவரின் தவற்றைத் தெருவுக்குக் கொண்டுவருவது கிறிஸ்தவப் பண்பா என்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பிறர் வீட்டுக் குறையை ருசித்துப் பேசுவதை நானும் வெறுக்கிறேன். ஆனால் மூடுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இந்தப் போர்வைக்கு அடியில் இருப்பது யார்? திருந்த நினைக்கும் ஒருவரின் பழைய தவறா, இன்று இரவு மறுபடி அடிவாங்கப் போகும் ஒருத்தியா? தாமாரைத் தன் சகோதரன் அம்னோன் கெடுத்தபோது, அவன் உன் சகோதரன், பேசாமலிரு என்று அவளுக்குச் சொன்னவன் இன்னொரு சகோதரன் அப்சலோம். தகப்பனாகிய தாவீதுக்குக் கோபம் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அந்த வீட்டில் குற்றம் மூடப்பட்டது. தாமார் அப்சலோமின் வீட்டில் பாழாகிக் கிடந்தாள். இந்த மூடுதலுக்கு அன்பு என்று பெயர் வைக்க முடியுமா? மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரம் தரும் முறையோ வேறு. குற்றம் செய்தவனிடம் தனியே சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போய்ச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அந்த வழி சபையின் காதில் போய் முடிகிறது.

பேசினால் விசுவாசத்தை விட்டுப் போய்விட்டாள் என்றும் சொல்வார்கள். பண்டித ரமாபாயை நினைத்துக்கொள்கிறேன். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். தனக்கு அடைக்கலம் தந்த ஆங்கிலிக்கக் கன்னியரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில், தன் மனம் ஒப்பாத கோட்பாடுகளை ஒப்பியதாகச் சொல்ல மறுத்தார். தன் மனச்சாட்சியை எந்தக் குருவிடமும் ஒப்படைக்க மாட்டேன் என்பதே அந்தக் கடிதங்களின் சாரம். நன்றியில்லாதவள், அகந்தைக்காரி என்ற பேச்சு அவரைத் தொடர்ந்தது. அவர் கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். அவருடைய நேர்மை விசுவாசத்துக்கு வெளியே போகும் வழியாக இருக்கவில்லை. விசுவாசத்துக்குள் நிமிர்ந்து நிற்கும் வழியாக இருந்தது.

ஆகவே நேர்மையைப் பற்றிப் பிரசங்கிக்க விரும்பும் சபைகளிடம் நான் கேட்பது சிறிய காரியம். ஒருத்தி எழுந்து, அடிக்கிறார் என்று சொன்னால் பாட்டு எடுக்காதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும். இன்றைக்கு ராத்திரி நீ எங்கே தங்குவாய் என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் கூடவே போங்கள், ஆட்டோவுக்குக் காணிக்கைப் பணத்திலிருந்து கொடுங்கள். அந்தக் கணவர் எந்தக் கமிட்டியில் இருந்தாலும் அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அவள் சாட்சி சொல்வாளா மாட்டாளா என்பது அவள் விருப்பம். சொன்னால், அது கெட்டுப்போகாத சாட்சியாக இருக்கும்.