எது திருட்டு?

கலைஞனின் உழைப்பைக் காப்பதற்கே பதிப்புரிமைச் சட்டம் என்கிறார்கள். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், அச்சட்டம் யாருடைய கையில் வாளாகிறது?

2003 செப்டம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள், இணையத்தில் பாட்டுகளைப் பகிர்ந்த 261 பேர் மீது வழக்குத் தொடுத்தன. அவர்களுள் 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. காசு கொடாது பாட்டைப் பெறுவது திருட்டு என்றன.

இணையவழிப் பாட்டு நிறுவனமான ஸ்பொட்டிஃபை, 2024 முதல், ஓராண்டில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்குப்பணம் கொடுப்பதில்லை. 999 தடவை ஒலித்தவனின் கூலி, அதிகமாய் ஒலிக்கும் பாட்டுகளின் பங்கிற் சேர்கிறது. சிறுமி செய்தது திருட்டு; இதுவோ வியாபார நிபந்தனை!

எளிய பாடகனின் கூலியைக் காவாத சட்டத்தைக் கலையின் காவலன் என்று நாம் எங்ஙனம் ஏற்பது?