எதுவும் நடக்காத படம்

'ஸ்கினமரிங்க்' பார்த்தவர்களில் ஒரு சாரார், நூறு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்கிறார்கள். இன்னொரு சாரார், அன்றிரவு விளக்கை அணைக்கவே இல்லை என்கிறார்கள். இரு தரப்பையும் நான் நம்புகிறேன். படத்தில் இருப்பது உண்மையிலேயே சுவர்தான். சுவர், கூரையோரம், கம்பளம் விரித்த தரை, கதவு நிலையின் மேல்பாதி, அவற்றின் மீது விழும் டிவியின் நீல வெளிச்சம். முகங்கள் அநேகமாகக் கிடையாது.

*

1995இல் நடக்கும் கதை. கெவின், கெய்லி என்று இரண்டு சின்னப் பிள்ளைகள் நடுராத்திரியில் விழித்துக்கொள்கிறார்கள். அப்பாவைக் காணோம். வீட்டின் ஜன்னல்களும் கதவுகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. பிள்ளைகள் அலறவில்லை. தலையணையையும் போர்வையையும் கீழே கொண்டுவந்து, பழைய கார்ட்டூனைப் போட்டுவிட்டு, லெகோ கட்டைகளோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். பேய் வந்தபோதுகூட இவ்வளவு வயிற்றைப் பிசையவில்லை. பெரியவர்கள் இல்லாத வீட்டில் அந்த வயதுக்கு வேறென்ன தெரியும்?

*

இயக்குநர் கைல் எட்வர்ட் பால், கனடாவின் எட்மன்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே இதை எடுத்தார். செலவு 15,000 டாலர். "இந்தப் படத்துக்கு இவ்வளவா?" என்று ஒருவர் கேட்கிறார். "இவ்வளவிலேயே இந்தப் படமா!" என்று அடுத்தவர் வியக்கிறார். தொகையை வைத்து ஒன்றும் முடிவாகப்போவதில்லை. இதே அளவு பணத்தில், இதேபோல் சொந்த வீட்டில், ஓரன் பெலி 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை எடுத்தார். அது உலகம் முழுக்க ஓடியது. அதில் கதவு அசைந்தால் காரணம் இருந்தது.

*

பால் அதற்கு முன்பு யூடியூபில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். பார்வையாளர்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள், அவற்றைக் குறும்படங்களாக்குவார். அப்போது ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்ததாம். கனவு கண்டவர் சிறுபிள்ளை; இருப்பது சொந்த வீடு; அம்மா அப்பா இல்லை; வேறு ஏதோ இருக்கிறது. ஆக, அபிப்பிராயம் சொல்பவர்கள் படத்துக்குப் பின்னால் வந்தவர்கள் அல்ல. படத்துக்கு முன்னாலேயே அவர்களில் சிலர் அதற்குள் இருந்திருக்கிறார்கள். அந்தக் கனவைக் கண்டவருக்கு இருட்டு மூலை பழக்கப்பட்ட இடம். காணாதவருக்கு அது வெறும் மூலை. இதில் ரசனை எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

*

டிஜிட்டலில் எடுத்துவிட்டு, பழைய பிலிம் போலப் புள்ளிகளைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். இருட்டில் அந்தப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாக ஒரு உருவத்தைக் கட்டிவிடுகிறது. "மூலையில் யாரோ நின்றார்கள்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அங்கே யாரும் நிற்காமலும் இருந்திருக்கலாம்.

*

2022 ஜூலையில் மான்ட்ரியல் ஃபான்டேசியா விழாவில் முதலில் திரையிட்டார்கள். அப்புறம் படம் திருட்டுத்தனமாக வெளியே கசிந்துவிட்டது. வெட்டிய துண்டுகள் டிக்டாக்கில் பரவின. தயாரித்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் போர்வைக்குள், காதில் ஹெட்போனோடு, தனியாகப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தபோது கதை வேறு. பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டால் போதும், இந்தப் படம் எழுந்திருக்காது.

*

பார்த்தவர்கள் இப்படி இரண்டாகப் பிரிவது புதிதல்ல. 1999இல் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்ற திகில் படத்தைப் பார்த்து வெளியே வந்தவர்கள் சினிமாஸ்கோர் கணக்கெடுப்பில் அதற்கு சி பிளஸ்தான் போட்டார்கள். வசூல் ஏறத்தாழ 25 கோடி டாலர். அதில் மூக்கு ஒழுக அழுத ஹெதர் டொனாஹ்யூவுக்கு, அவ்வாண்டின் மோசமான நடிகை என்று ராஸி பரிசு வேறு. பயந்தவர் முகம் அழகாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது.

*

சலித்தவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: படம் நீளம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே கூரையோரம் பயத்தைக் கூட்டவில்லை, கரைக்கிறது. பால் 2020இல் எடுத்த 'ஹெக்' என்ற குறும்படம் இதே வீட்டுப் பயத்தை அரை மணிக்குள் சொல்லிவிடுகிறது. யூடியூபில் காசில்லாமலே பார்க்கலாம். 'ஸ்கினமரிங்க்' படத்துக்கு டிக்கெட் எடுத்து நொந்தவர்களிடம் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதுவும் சுவர்தான் என்றால், அவர்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை.