உணரப்படாத நோயும் அதற்கான மருந்தும்

தன்னை நோயாளியாக உணராத ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமை மருத்துவத்துக்கு எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி, நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கி இரத்த அழுத்தமும் உயர்ந்திருப்பவர்கள் முன்னிலையில் மிகக் கூர்மையாக எழுகிறது. இவர்களில் பலருக்கு நெடுங்காலம் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிவது ஆய்வுக்கூடத் தாளிலும், அழுத்தம் 150ஐத் தாண்டுவது அதை அளக்கும் கருவியிலும் மட்டுமே தெரிகின்றன. மாத்திரை தொடங்கிய பின்னரோ, சிலருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது, சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்கள் இளநீரையும் வாழைப்பழத்தையும் விலக்க நேர்கிறது. உணராத ஒன்றைத் தடுப்பதற்காக உணரும் தொல்லையை ஏற்கச் சொல்வது எந்த வகையில் நியாயமாகும்?

பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், தன் உறுப்புகளின் இருப்பே தெரியாமல் ஒருவர் வாழும் நிலையைத்தான் உடல்நலம் என்று 1936இல் வரையறுத்தார். அது நோயாளியின் பார்வையில் அமைந்த வரையறை, மருத்துவரின் பார்வை அதிலிருந்து வேறுபடும் என்பதையும் அவர் அறிந்தே இருந்தார். அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் பால் கிம்மெல்ஸ்டீல், கிளிஃபர்ட் வில்சன் என்னும் இருவர், இறந்துபோன நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகங்களைப் பிணப் பரிசோதனையில் ஆராய்ந்து, இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய்ச் சுருள்களில் தோன்றியிருந்த முடிச்சுகளை விவரித்தார்கள். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க உதவுபவர் மெய்யியலாளர் ஜார்ஜ் கங்கிலெம். 1943இல் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் அவர், நோய் என்னும் கருத்து ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை, தாம் நலமாயில்லை என்று முறையிட்ட மனிதர்களிடமிருந்தே பிறந்தது என்று வாதிட்டார். இன்று ஒரு மருத்துவர், எதையும் உணராத ஒருவரிடம் அவருக்குள் நோய் இருப்பதாகச் சொல்ல முடிகிறதென்றால், முன்பு எவரோ அதை உணர்ந்து துன்புற்றிருந்ததே காரணம். அல்புமின் அளவு என்னும் வெற்று எண்ணுக்குப் பின்னால், சிறுநீரகம் செயலிழந்து மூச்சு முட்டி இறந்தவர்களின் நீண்ட வரிசை நிற்கிறது. அந்த எண்ணுக்கு மதிப்பைத் தருவது அவர்கள் பட்ட பாடுதான்.

ஆயினும் முன்னோரின் துன்பம் எச்சரிக்கையைத் தருமே தவிர, மருந்து பயன் தரும் என்பதற்கு உறுதி தராது. உயர்ந்த அழுத்தம்தான் குறுகிய குழாய்களின் வழியே இரத்தத்தைத் தள்ளுகிறது, அதைக் குறைத்தால் உறுப்பு பட்டினி கிடக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர் பலர் அஞ்சினர். டென்மார்க்கின் ஹான்ஸ்-ஹென்ரிக் பார்விங் 1983இல் வெளியிட்ட ஆய்வு, முதல் வகை நீரிழிவு கொண்ட பத்தே பேரைப் பற்றியது. அந்த அச்சத்துக்கு மாறாக, அழுத்தத்தைக் குறைத்தபோது, அவர்களின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் மாதந்தோறும் நிமிடத்துக்கு 0.91 மில்லிலிட்டர் வீதம் சரிந்துவந்தது 0.39ஆகத் தணிந்தது. 2001இல் வெளியான ரெனால் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 1,513 பேர் பங்கேற்றனர். லோசார்ட்டன் என்னும் அழுத்த மருந்தை உண்டவர்களில் 43.5 விழுக்காட்டினருக்கும், மற்ற அழுத்த மருந்துகளோடு வெற்று மாத்திரை உண்டவர்களில் 47.1 விழுக்காட்டினருக்கும், சிறுநீரகம் பெரிதும் கெடுதலோ முற்றிலும் செயலிழத்தலோ மரணமோ நேர்ந்தது. இவ்வேறுபாடு உண்மையானது, சிறுநீரகங்களைக் காப்பது. ஆனால் மருந்தை விழுங்கும் தனியொருவர் தாம் காக்கப்பட்ட அந்தச் சிலருள் ஒருவரா என்பதை ஒருபோதும் அறிய முடியாது. போதாக்குறைக்கு, லோசார்ட்டன் போன்ற மருந்துகள் வடிகட்டும் சுருளிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைப்பதால், கழிவின் அளவுகோலான கிரியாட்டினின் தொடக்கத்தில் சற்றே உயர்கிறது. 30 விழுக்காடு வரையிலான உயர்வை மருத்துவர்கள் பொதுவாகப் பொறுத்துக்கொள்கிறார்கள். காக்கும் மருந்து முதலில் கெடுப்பதுபோல் தோற்றமளிக்கும் இந்நிலையில், விளக்கம் பெறாத நோயாளி மருந்தை நிறுத்திவிட்டால் அவர்மீது குற்றம் சொல்ல இடமில்லை.

ஆகவே வருங்காலத்தில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்படக்கூடிய ஒருவருக்காக இன்றிருப்பவர் உழைக்கிறார். அந்த இருவரும் ஒருவர்தாமா என்பது தத்துவத்தின் பழைய சிக்கல். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பௌத்த அறிஞர் சாந்திதேவர், போதிசர்யாவதாரம் என்னும் நூலின் எட்டாம் அத்தியாயத்தில், நிலையான ஆன்மா இல்லையென்றால் எதிர்காலத்து உடலும் பிறருடலைப் போலவே வேறானதுதான் என்றும், அவ்வேறான உடலின் துன்பத்தைத் தடுக்க எவரும் தயங்காதபோது பிறர் துன்பத்தைத் தடுக்கத் தயங்குவது பொருந்தாது என்றும் வாதிடுகிறார். அவர் நாடியது பிறரிடம் கருணை காட்டுவதற்கான அடிப்படை. அவ்வாதத்தை மறுபுறமாகத் திருப்பினால், வலியில்லாத நாளில் விழுங்கும் மாத்திரை வெறும் தன்னலமாக இராமல், இன்னும் வந்து சேராத, துன்புறப்போகும் ஒருவரிடம் காட்டும் இரக்கமாகிறது. மருத்துவர் அந்த வராத மனிதரின் சார்பில் பேசலாம். எனினும் எதிரே அமர்ந்திருப்பவரும் துன்புறக்கூடியவர் என்பதால், ஆணையிடும் அதிகாரம் மருத்துவருக்கு இல்லை.

இந்த எல்லையை மறந்து எண்ணையே எசமானாக்கும்போது என்ன நேரும் என்பதை, அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 1,448 பேரிடம் நடந்த நெஃப்ரான்-டி ஆய்வு காட்டியது. லோசார்ட்டனோடு லிசினோப்ரில் என்னும் மற்றோர் அழுத்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அல்புமின் கசிவு மேலும் குறைந்தது. ஆனால் பொட்டாசியம் மிகையும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் பெருகியதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013இல் முடிவுகள் வெளியாயின. எண் அழகாகிவிட்டது, மனிதர் நலிந்தார். தள்ளாடி நடக்கும் எண்பது வயதுக்காரருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் ஒரே இலக்கை விதிப்பதும் இதே பிழையின் மற்றொரு வடிவம். முதியவருக்குக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது, பத்தாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய டயாலிசிஸைக் காட்டிலும் அண்மையில் உள்ள ஆபத்து.

உணரப்படாத நோய்க்கு மருந்து தருவது நியாயமே. காரணத்தைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இசைவைப் பெற்றுத் தரும்போது மட்டுமே அது நியாயம். அதற்கு முதலில் நோய் அங்கே இருப்பது தெரிய வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் அது கண்டறியப்பட்ட நாளிலிருந்தும், முதல் வகையினர் ஐந்தாண்டு கடந்த பின்னும், சிறுநீர் அல்புமினையும் இரத்தக் கிரியாட்டினினையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.