உந்தமும் பொறுப்பும்

“ஏதோ ஒரு வேகத்திற் செய்துவிட்டேன்” என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் சமாதானம். தீங்கு செய்தவன் தன் செயலைத் தன்னினின்றும் பிரித்து, தன்னைத் தள்ளிய ஏதோவொன்றின்மேற் சுமத்துகின்றான். இச்சமாதானம் எத்துணை செல்லுபடியாகும் என்பதே ஈண்டு எழும் வினா. கலைப்பீட மாணவனாகிய நான் இதற்குப் பௌதிகவியலின் துணையை நாடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் வேகம், தள்ளுகை, தாக்கம் ஆகியவற்றை அளந்து வரையறுத்துத் தந்தது அத்துறையேயாம்.

திணிவையும் வேகத்தையும் பெருக்க வருவது உந்தம். விசையையும் அது தொழிற்படும் நேரத்தையும் பெருக்க வருவது கணத்தாக்கு. உந்தத்தில் நேரும் மாற்றம் கணத்தாக்குக்குச் சமம் என்பதே 1687 இல் நியூற்றன் வெளியிட்ட இரண்டாம் இயக்க விதியின் சாரம். ஒன்றரைக் கிலோகிராம் திணிவுள்ள பனம்பழமொன்று 15 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்வதாகக் கொள்வோம். நிலத்தையடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். கல்லில் வீழ்ந்தாலும் மணலில் வீழ்ந்தாலும் அது இழக்கவேண்டிய உந்தம் ஒன்றே. கல் அதனைக் கணப்பொழுதில் நிறுத்தப் பழம் சிதறுகின்றது. மணலோ நெகிழ்ந்து கொடுத்து நேரத்தை நீட்டுகின்றது. நேரம் பத்து மடங்கானால் சராசரி விசை பத்திலொன்றாகும்.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டது. கூடவே புகையிரதக் கடவை விபத்துகளும் நமக்குச் செய்தியாயின. 300 தொன் திணிவுள்ள புகையிரதம் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். தடையை அழுத்தி, ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் வேகத்தைக் குறைத்தாலும், அது நிற்பதற்கு 40 செக்கனும் 400 மீற்றர் தூரமும் வேண்டும். நூறு மீற்றர் தொலைவில் மனிதனைக் காணும் சாரதி என் செய்வான்? அக்கணத்தில் அவன் நிரபராதி. எனினும் பொறுப்பு என்பது அக்கணத்தில் மட்டும் உறைவதன்று. கடவைக்குக் காவல் அமைக்கவேண்டியோர், முன்னரே ஒலியெழுப்ப வேண்டியவர், அவசரத்தாற் குறுக்கே பாய்ந்தவர் ஆகிய அனைவருக்கும் தெரிவு செய்ய நேரம் இருந்தது. பொறுப்பைத் தேடுவோர் அந்நேரத்தையே தேடவேண்டும்.

இனி, எனக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று. புதுமுக மாணவனாக வந்த நாட்களில் நண்பகல் வெயிலில் நிறுத்தப்பட்டேன். மறுவருடம் அதேயிடத்தில் சிரேட்ட மாணவருள் ஒருவனாக நின்றேன். வெயிலில் நின்ற தம்பியொருவன் தண்ணீர் கேட்டான். “எங்களுக்கு ஆர் தந்தவை?” என்றொருவர் கேட்க, எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். 1997 இல் பேராதனையில் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததும், 1998 இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும் அறிந்தே சிரித்தேன்.

ஒரு பந்து பெற்ற உந்தத்தை அடுத்த பந்துக்குக் கொடுப்பது போன்று, ஓர் அணி பெற்ற அடியை அடுத்த அணிக்குக் கொடுக்கின்றது. ஆயின் மோதும் கணத்திற் பந்துக்குத் தெரிவில்லை. எனக்கோ ஒரு வருடம் இருந்தது. புகையிரதச் சாரதிக்கு வாய்க்காத அவகாசம் எனக்கு வாய்த்தது. ஆதலின் “வேகத்திற் செய்தேன்” என்னும் சமாதானம் எனக்குப் பொருந்தாது.

அங்ஙனமாயின் அடிபட்டவன் யாது செய்தல் வேண்டும்? உந்தம் அழிவதில்லை, பனம்பழத்தின் உந்தத்தைப் பூமி ஏற்றுக்கொள்கின்றது. அதன் திணிவு மிகப் பெரிதாதலால் அசைவு புலப்படுவதில்லை. பொறைக்கு வள்ளுவர் நிலத்தை உவமித்தமை நினைவுக்கு வருகின்றது. எனினும், பொறுமை என்று கூறித் துன்புற்றவனை வாய்மூடச் செய்தல் அறமாகாது என்பாருளர். அவர் கூற்று உண்மையே. முறையிடுதல் வேறு, கைமாற்றுதல் வேறு. தனக்கு இழைக்கப்பட்டதை உரியவிடத்தில் உரைப்பவன் அதனைத் தடுக்கின்றான். எளியவன்மீது இறக்குபவன் வளர்க்கின்றான். தனியொருவனுக்குத் தாங்கவொண்ணாததைத் தாங்கும் திணிவு சமூகத்துக்கும் அதன் நிறுவனங்களுக்கும் உண்டு; இருத்தல் வேண்டும்.

அன்று தண்ணீர்க் குழாய் எனக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் இருந்தது. அங்கு நடந்து செல்லப் பெருவிசை எதுவும் தேவைப்பட்டிராது.