நீண்டு வரும் ஒளியும் நமது விசுவாசமும்



மிகத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களின் ஒளி, புறப்பட்டபடியே நம்மை வந்தடைவதில்லை. அது பயணஞ் செய்யும் காலமெல்லாம் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கின்றது. வெளி விரிய, ஒளியின் அலைகளும் அதனோடு நீளுகின்றன. நீல ஒளி சிவப்பை நோக்கி நகர்கின்றது. இன்னும் நீண்டால் கண்ணுக்கே புலப்படாது போகின்றது. நாம் அறிந்த மிகப் பழைய ஒளி ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டு, இன்று நுண்ணலையாக வந்து சேருகின்றது.

இந்த நீட்சிக்குப் பிரபஞ்சத்தின் விரிவே காரணம் என்று 1927ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெல்ஜிய நாட்டின் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் லெமேத்ர் அடிகளாரே அவர். விரியும் பிரபஞ்சத்தைப் பின்னோக்கி எண்ணிப்பார்த்து, அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931இல் எழுதினார்.

அப்படியானால், கடவுள் உலகைப் படைத்தார் என்பதை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று நாம் மார்தட்டலாமா?

1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், புதிய வானியலைப் படைப்போடு தொடர்புபடுத்தி உரையாற்றினார். லெமேத்ர் அடிகளாருக்கு அதில் உடன்பாடில்லை. தமது கொள்கை சமயக் கேள்விகளுக்குப் புறம்பானது என்பதே அவரது நிலைப்பாடு. 1952இல் வானியலாளரிடம் பேசியபோது பாப்பரசர் அத்தொடர்பை மீண்டும் வலியுறுத்தவில்லை.

இது விசுவாசக் குறைவா? இல்லை. உலகிற்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டென்பதைப் பகுத்தறிவால் நிரூபிக்க இயலாது, விசுவாசத்தால் ஏற்கிறோம் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் அன்றே கற்பித்தார். படைத்தல் என்பது முதற் கணத்தில் முடிந்துபோன செயலன்று. இந்தக் கணமும் நம்மைத் தாங்குபவர் இறைவனே. மேலும், விஞ்ஞானக் கொள்கைகள் திருத்தப்படக் கூடியவை. அவற்றின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், அவை அசையும்போது விசுவாசமும் அசையும்.

பெற்றோரே, விஞ்ஞானம் படிக்கும் உங்கள் பிள்ளை, "ஆதியாகமம் மெய்யா, பாடப்புத்தகம் மெய்யா?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், "விஞ்ஞானமே நம் பக்கம்" என்று அவசரப்பட்டுச் சொல்லியும் விடாதீர்கள். எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகின்றது. விஞ்ஞானம் சொல்லாததை அது சொன்னதாகக் கூறுவதும் பொய்ச்சாட்சியே. கடவுளுக்காகச் சொன்னாலும் பொய், பொய்தான். அந்த ஒளி எதைச் சொல்கின்றதோ அதை மட்டும் சொல்லட்டும். அதைக் கேட்டு அறியும் அறிவைத் தந்தவருக்கு நாம் நன்றி சொல்வோம்.